மூன்றாவது டிரம்மின் அட்டை

“…உரிச்சது படைக்க முன்னமோ, படைச்ச பிறகோ? அதை மட்டும் சொல்லுங்கோ, வீராசாமி. மிச்சத்தை நான் பாத்துக்கொள்றன்.”

மூன்றாவது டிரம்மின் பக்கத்தில் நின்றுகொண்டு கிரேஸ் மேடம் என்னிடம் கேட்டது இது. அதற்கு முன்பும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பயத்தில் எனக்குக் காது அடைத்துப் போயிருந்ததால் இந்த இடத்திலிருந்துதான் காதில் விழுந்தது. நீல நிற டிரம், அதன் வாய் வரைக்கும் பழத்தோல், தோலின்மேல் ஒற்றைச் சாமந்தி இதழ், அதன் ஓரத்தில் குங்குமம். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது. இதை இப்போது எழுதக் காரணம், என் இடத்துக்கு வந்திருக்கும் தாரணி என்ற பெண். போன வாரம் போன் செய்தாள். “அங்கிள், இனிமே டிரம்முக்கு அட்டை இல்லை லா, எல்லாம் டேப்லட்தான். ஆனா டேப்லட்ல பொறுப்புன்னு ஒரு பேர்தான் ஏறுது. பழைய அட்டையில ரெண்டு பேர் எழுதுற மாதிரி கோடு போட்டு வச்சிருக்கீங்க. ரெண்டாவது பேர் எதுக்கு? எடுத்துடலாமா?” என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயமா இது? எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் தொழிற்சாலை சுங்கை பட்டாணிக்கு வெளியே, பழைய மரப்பட்டறை ஒன்றின் பின்பக்கம் இருக்கிறது. பழத்தோலைக் கூழாக்கி, மெல்லிய தாளாக உலர்த்தி, பலகாரம் சுற்றுவதற்குக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். பலகாரத்தோடு சேர்த்துத் தாளையும் தின்றுவிடலாம். மாந்தோல் தாள் மஞ்சளாகவும், டிராகன் பழத் தோல் தாள் கல்யாணப் புடவை நிறத்திலும் இருக்கும். வாழைத்தோல் தாளுக்கு மட்டும் நிறம் சொல்ல வராது. என் மனைவி லெட்சுமி அதைப் பார்த்து, “உங்க பழைய காக்கிச் சட்டை மாதிரி இருக்கு, அதையும் திங்கச் சொல்லாதீங்க” என்றாள்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். நான் பதினேழு வயதில் அதே தோட்டத்தின் புகைக்கூடத்துக்குப் போனேன். ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் விட்டுத் தாளாக்கி, புகையில் காய வைக்கிற இடம் அது. தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டதும் புகைக்கூடத்தை மூடினார்கள். பிறகு இருபது வருஷத்துக்கு மேல் கையுறைத் தொழிற்சாலை. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அங்கே வேலையை மெஷின்தான் செய்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பழத்தோல் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கேதான் கிரேஸ் மேடத்தைப் பார்த்தேன். அலோர் ஸ்டார் மெர்கோங்கில் வீடு. யாழ்ப்பாணத்து வம்சம், கிறிஸ்தவ வேதக்காரர். அரசாங்க ஆய்வுக்கூடத்தில் உணவுப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்று, அதன்பின் சொந்தமாகத் தொடங்கிய இடம் இது. வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் ஒரு கறுப்புப் பேனா. அந்தப் பேனாவை இரவல் கேட்கிற துணிச்சல் தொழிற்சாலையில் யாருக்கும் கிடையாது.

அன்றைக்கு அவர் ஒரு தாளை என் கையில் கொடுத்தார். பழக்கதோஷம், நான் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ரப்பர் ஷீட்டைத் தரம் பிரிக்கிறவன் அப்படித்தான் பார்ப்பான்.

“என்ன பாக்கிறியள்?”

“காத்துக் குமிழி இருக்கு மேடம். இந்த மூலை தடிப்பா இருக்கு. ஊத்துன தட்டு இந்தப் பக்கம் சாஞ்சிருக்கணும்.”

“எங்க படிச்சனீங்கள்?”

“புகைக்கூடத்துல.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, விண்ணப்பத்தாளில் கல்வி என்ற இடத்தில் ‘புகைக்கூடம்’ என்றே எழுதினார். அந்தத் தாள் இன்னும் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தாரணி எடுத்துப் பார்க்கலாம்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் ‘தயவுசெய்து’ என்ற வார்த்தை வரும். “தயவுசெய்து அந்த வாளியை எடுங்கோ” என்றால், அந்த வாளியை அங்கே வைத்தவன் அன்று முழுக்க அவர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. தோல் பிரிக்கிற மேசையில் என் கூட்டாளியான ரஹிம், “உங்க மேடம் மரியாதையாப் பேசினா எனக்கு வயித்தைக் கலக்குது அண்ணே” என்பார். ரஹிம் மலாயில்தான் பேசுவார். ‘அண்ணே’ மட்டும் தமிழில் வரும். அவர் சொன்னதையும், பின்னால் வருகிற மற்றவர்கள் மலாயில் சொன்னதையும் நான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டேப்லட்டில் அது எல்லாம் ஏறாது.

நகரத்தில் பழம் வெட்டி விற்கிற கடைகளிலிருந்து காலையில் தோல் வரும். ஆ ஹோக் என்ற கடைக்காரர் தினமும் ஒரே வசனம்தான் பேசுவார். “நான் பழம் விக்கிறேன், நீ குப்பை விக்கிற. ஆனா உன் வேன் என் வேனைவிடப் புதுசு!” வந்த தோலைப் பிரித்து மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும். வாழைத்தோல் நிமிஷத்தில் கறுத்துவிடும் என்பதால் அதை மட்டும் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் நேராகப் போட வேண்டும். பலாவைத் தொடும்முன் கையில் எண்ணெய் தேய்க்காதவன் அன்று முழுக்கத் தன் விரல்களைப் பிரித்துக்கொண்டிருப்பான். பிறகு கொதிநீரில் அமுக்கி எடுத்து, அரைத்து, சலித்து, மரவள்ளி மாவும் கொஞ்சம் கிளிசரினும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். கிளிசரின்கூடச் செடியிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை மேடம் சுவரில் மாட்டி வைத்திருந்தார். துடுப்பை இழுத்தால் அதன் பின்னால் கோடு விழுந்து, மூன்று எண்ணும்வரை மூடாமல் இருந்தால் பதம்.

அதற்குப் பிறகு செய்கிறதுதான் கஷ்டமான வேலை. ஒன்றுமே செய்யக் கூடாது. குமிழியெல்லாம் மேலே வந்து உடையும்வரை கூழைத் தொடாமல் விட வேண்டும். எனக்குக் கையும் வாயும் சும்மா இருக்காது. “கூழை ஆற விடுங்கோ வீராசாமி, நீங்களும் கொஞ்சம் ஆறுங்கோ” என்று மேடம் சொல்லுவார். ஆறியதும் தட்டில் ஊற்றி, பலகையால் இழுத்துச் சமன்செய்து, மிதமான சூட்டில் காய வைப்போம். மறுநாள் காலையில் ஒரு மூலையைக் கிள்ளி உரித்தால் ‘சர்’ என்று சத்தம் வர வேண்டும். ‘படக்’ என்றால் அதிகம் காய்ந்துவிட்டது. சத்தமே இல்லை என்றால் ஈரம்.

ஒரு மழைக் காலத்தில் இரண்டு வாரம் சத்தமே வரவில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றன. மேடம் சூட்டை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். புகைக்கூடத்தில் மழை நாட்களில் நெருப்பு மூட்டுவதற்கு முன்பே கூரைக் கதவைத் திறந்து பழைய ஈரக்காற்றை வெளியே விட்டுவிடுவோம். அதைச் சொன்னேன். உலர்த்தும் அறையில் மேலே இரண்டு துவாரம் போட்டு, முதலில் விசிறி, அப்புறம் சூடு என்று மாற்றினோம். மூன்றாம் நாள் ‘சர்’ என்றது. “நான் புத்தகத்திலை படிச்சதை நீங்கள் மூக்கிலை படிச்சிருக்கிறியள்” என்றார் மேடம். இதைச் சொல்லிச் சொல்லியே லெட்சுமியின் காதைப் புண்ணாக்கிவிட்டேன்.

அந்தப் பெருமைதான் என்னைக் குழியில் தள்ளியது என்று நினைக்கிறேன்.

பெண்டாங்கில் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்ற மலாய்க்கார அம்மா தோடோல் செய்கிறார். தேங்காய்ப்பாலும் புளுட் என்ற ஒட்டரிசி மாவும் கறுப்புச் சர்க்கரையும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டுகிற, அல்வா மாதிரி ஒட்டுகிற பலகாரம். எல்லோரும் அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றி விற்பார்கள். பிளாஸ்டிக்கைப் பிரிப்பதற்குள் பாதி தோடோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் மாந்தோல் தாளில் சுற்றிப் பார்த்தோம். பிரிக்கவே வேண்டாம், அப்படியே வாயில் போடலாம், கடைசியில் லேசாக மாம்பழப் புளிப்பு வரும். காக் ரோஸ் ஒன்று தின்றார், இரண்டு தின்றார், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அண்ணே, இந்தத் தோலு எங்கேர்ந்து வருது?”

“பழக்கடையிலேர்ந்து காக். கத்தியால சீவுன தோலு. யார் வாயும் படாதது.”

“சரி. நீங்க சொன்னதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். உங்க வாயும் என் வாயும் இனி ஒண்ணு.”

நோன்புப் பெருநாளுக்கு அவர் கொடுத்ததுதான் அதுவரை எங்களுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர். நோன்புச் சந்தையில் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தத் தடவை தாளோடு சாப்பிடலாம் என்று சொல்லி வைத்திருந்தார்.

ஆனால் நோன்பு மாதத்தில் பகலில் வெட்டிய பழம் வாங்குகிறவர்கள் குறைவு. தோல் வரத்து பாதியாகிப் போனது. அந்த வருஷம் அதே மாதத்தில்தான் பங்குனி உத்திரமும் வந்தது. சிடாம் கிரி பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. பஞ்சாமிர்தத்துக்காக மா, வாழை, பலா என்று மலை மாதிரி பழம். மடப்பள்ளியில் பழம் வெட்டும் பெண்களுக்குத் தலைவி, என் மனைவியின் அக்கா காமாட்சி. அவர்கள் விரதம் இருந்து, குளித்து, தலையைத் துணியால் கட்டிக்கொண்டு, கத்தியைக்கூடக் கழுவிக் கழுவி வெட்டுவார்கள். அந்தத் தோலையெல்லாம் சாக்கில் கட்டி வெளியே போடுகிறார்கள்.

நான் பார்த்தேன். எச்சில் படாத தோல். எந்தக் கடையிலும் இவ்வளவு சுத்தம் கிடையாது. சாமிக்கு வந்த பழத்தின் தோல் குப்பைக்குப் போகிறதே என்று மனசும் கேட்கவில்லை. மூன்று டிரம் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தேன். காக் ரோஸுக்கு இதைவிட நல்ல தோல் நான் கொடுத்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டேதான் வேனை ஓட்டினேன்.

எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மஞ்சள் அட்டை கட்ட வேண்டும். என்ன தோல், எங்கிருந்து, என்றைக்கு, பொறுப்பு யார், எல்லாம் ரஹிமும் படிக்கிற மாதிரி மலாயில். ‘எங்கிருந்து’ என்ற இடத்தில் ‘சிடாம் கிரி’ என்று எழுதினேன். கோயில் என்றும் எழுத இடம் இருந்தது. எழுதவில்லை. அவ்வளவு பெருமையாக ஏற்றி வந்தவன் ஏன் அதை எழுதவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். என் தலைக்குத் தெரியாதது என் கைக்குத் தெரிந்திருக்கிறது போல. ‘பொறுப்பு’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

இரண்டு டிரம் தாளாகிவிட்டது. அந்தத் தாள்களைப் பெட்டியில் கட்டிக் காலை வேனில் பெண்டாங்குக்கு அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு ரஹிம் மூன்றாவது டிரம்மின் மூடியைத் திறந்தார்.

“அண்ணே, இது என்ன பூ?”

“சாமந்தி.”

“சாமந்தின்னு தெரியுது. இங்க எப்படி வந்துச்சு?”

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? பரிசு வாங்கியவன் மாதிரி. கோயில் தோல் ரஹிம், விரதம் இருந்து வெட்டியது, யார் வாயும் படாதது, சாமிக்கு வச்ச பழம்.

ரஹிம் கையுறையை மெதுவாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். நோன்பு வாய், உதடு காய்ந்திருந்தது.

“சாமிக்கு வச்சதா?”

“ஆமா.”

“காக் ரோஸுக்குத் தெரியுமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிற சாமிக்குப் படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். பிறந்ததிலிருந்து அவர்களோடுதான் வாழ்கிறேன், இது எனக்குத் தெரியாதா? தெரியும். பொங்கலுக்குச் சாமி முன்னால் வைத்ததை ரஹிம் வீட்டுக்குக் கொடுக்காமல், தனியாக எடுத்து வைத்த முறுக்கைத்தான் ஒவ்வொரு வருஷமும் கொடுத்து அனுப்புகிறோம். ஆனால் சுத்தம் என்றதும் எனக்கு எச்சில் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. என் வீட்டுச் சுத்தத்தை வைத்து அடுத்த வீட்டுச் சட்டியை அளந்துவிட்டேன்.

“நான் மார்க்கம் படிச்ச உஸ்தாஸ் இல்ல அண்ணே, கூடும் கூடாதுன்னு சொல்ல,” என்றார் ரஹிம். “ஆனா இந்த டிரம்மை என்னால தூக்க முடியாது. மேடம்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அது புகார். நீங்க சொன்னா அது வேற.”

போனேன். சொன்னேன். மேடம் எழுந்து என்னோடு டிரம்முக்கு வந்தார். அங்கே நின்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். உரித்தது படைப்பதற்கு முன்பா, படைத்த பிறகா?

அந்தக் கேள்வியில் ஒரு வாசல் இருந்தது. முன்பு என்றால் அது வெறும் பழத்தோல், மடப்பள்ளிக் குப்பை. காக் ரோஸிடம் சொன்னாலும் அவ்வளவு பெரிதாகாமல் போகலாம். பிறகு என்றால் படைத்த பழத்தின் தோல். ‘முன்னாடிதான் மேடம்’ என்ற இரண்டு வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. மலை மாதிரி குவிந்த தோலில் எது எப்போது உரித்தது என்று யார் கண்டது? வேலை போகாது. பெண்டாங் வரைக்கும் போய்த் தலைகுனிந்து நிற்கவும் வேண்டாம்.

“தெரியாது மேடம்,” என்றேன். “காமாட்சி அக்காவைக் கேக்கணும்.”

“கேளுங்கோ. எனக்கும் கேக்கிற மாதிரி வையுங்கோ.”

ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் காமாட்சி அக்காவின் குரல் ஏறியது. “ஏன் தம்பி, நம்ம சாமி பழத்தோட தோலு அவங்களுக்கு ஆகாதாமா? விரதம் இருந்து வெட்டியிருக்கோம்! எங்க கையில என்ன குறை?”

மேடம் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அக்கா, வணக்கம். நான் கிரேஸ். உங்கட கையிலை ஒரு குறையும் இல்லை. ஒண்டு கேக்கிறன். மீன் சமைச்ச சட்டியை ஒருத்தர் நல்லாக் கழுவி, தெரியாம உங்கட மடப்பள்ளிக்குள்ள கொண்டுவந்து வைச்சா?”

“அய்யய்யோ! சட்டியும் வெளிய, வச்சவளும் வெளிய!”

“சட்டி சுத்தம்தானே அக்கா?”

“சுத்தம்தான்… ஆனா…” என்று இழுத்தார் காமாட்சி அக்கா.

“காக் ரோஸுக்கும் ஒரு மடப்பள்ளி இருக்குது அக்கா,” என்றார் மேடம். “அதுதான் கேக்கிறம்.”

காமாட்சி அக்காவின் குரல் இறங்கி வந்தது. “பலாவும் மாம்பழமும் முன்னாடியே வெட்டிட்டோம்மா. வாழை சீப்பு மட்டும் சாமி முன்னாடி வச்சு, அர்ச்சனை முடிஞ்சு எடுத்துட்டு வந்துதான் உரிச்சோம். ஆனா தோலையெல்லாம் ஒரே சாக்குலதான் போட்டோம். பிரிச்சு வைக்கணும்னு எங்களுக்கு யார் சொன்னா?” பிறகு, என்னிடம்: “தம்பி, அந்த டிரம்மைத் திருப்பிக் கொண்டாந்துரு. கோயில் வாழை மரத்துக்குப் போட்டுக்கிறோம். சண்டை வேணாம்.”

“ரெண்டும் மேடம்,” என்றேன். “முன்னயும் இருக்கு, பின்னயும் இருக்கு.”

“ம்,” என்றார். “இது கூடுமோ கூடாதோ எண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு ஏலாது. உங்களுக்கும் ஏலாது. சொல்ல வேண்டியது காக் ரோஸ். அவவைக் கேக்காம விடுறதுதான் பிழை.” கொதிகலனை நிறுத்தச் சொன்னார். அந்தத் தோல் பட்ட அத்தனை சாமானையும் கழற்றிக் கழுவச் சொன்னார். கழற்றிய பாகங்களைத் தரையில் வரிசையாக அடுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “தயவுசெய்து காரிலை ஏறுங்கோ” என்றார்.

தயவுசெய்து. ரஹிம் என்னைப் பார்த்தார், நான் ரஹிமைப் பார்த்தேன்.

பெண்டாங் வரைக்கும் இரண்டு பக்கமும் வயல். அறுவடை முடிந்து கிடந்தது. வெயில் கொளுத்தியது. நோன்பு இருக்கும் வீட்டுக்குப் போகிறோம் என்று தண்ணீர்ப் போத்தலைக்கூட மேடம் தொடவில்லை. வேலை போனால் போகட்டும், காக் ரோஸின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. ‘உங்க வாயும் என் வாயும் ஒண்ணு’ என்ற பேச்சு காரின் சத்தத்தோடு சேர்ந்து வந்துகொண்டே இருந்தது.

காக் ரோஸ் வீட்டின் பின்னால், கொட்டகையில் பெரிய கவாக்கு முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தார். கவா என்பது ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற இரும்புச் சட்டி. பக்கத்து மேசையில் முதல் சட்டித் தோடோல் வெட்டி, எங்கள் தாளில் சுற்றி, வரிசை வரிசையாக அடுக்கியிருந்தது. மஞ்சளாக, அழகாக. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தோடோல் கிண்டுகிறவர் கையை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அடிப்பிடிக்கும். அதனால் நாங்கள் சொன்னதையெல்லாம் அவர் கிண்டிக்கொண்டேதான் கேட்டார். சாமி முன்னால் வைத்த வாழைப்பழத்தின் தோலும் அதே சாக்கில் கலந்து வந்திருக்கிறது என்று மேடம் மலாயில் ஒன்றையும் மழுப்பாமல் சொன்னார். துடுப்பு நிற்கவில்லை. மெதுவானது. நெருப்புப் பக்கம் திரும்பியிருந்த அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து அவர் கணவர் வந்து, ஒன்றும் கேட்காமல், துடுப்பைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

காக் ரோஸ் மேசையைப் பார்த்தார். சுற்றி அடுக்கிய அத்தனையையும் பார்த்தார்.

“ஊரெல்லாம் சொல்லிட்டேன் அண்ணே,” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“காக், மன்னிச்சிடுங்க. எனக்கு…”

“அந்த டிரம்மைக் காட்டுங்க. நான் பாக்கணும்.”

அவர் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் காக் ரோஸ் எங்கள் தாளை வாங்கவில்லை. பெட்டிகள் திரும்பி வந்தன. சுற்றிய தோடோலை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. தன் உஸ்தாஸிடம் கேட்டார் என்று ரஹிம் சொன்னார். உஸ்தாஸ் என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியாது. அடுத்த வருஷமும் வாங்கவில்லை. அதற்கடுத்த வருஷம், நோன்புக்கு ஒரு மாதம் முன்னால், முன்னறிவிப்பு இல்லாமல் தொழிற்சாலை வாசலில் வந்து நின்று, “அண்ணே, அட்டையெல்லாம் காட்டுங்க” என்றார். ஒரு மணி நேரம் ஒவ்வொரு டிரம்மாகப் படித்துவிட்டு ஆர்டர் கொடுத்தார். இப்போதும் கொடுக்கிறார். கோயில் தோலை நாங்கள் விட்டுவிடவும் இல்லை. அதற்கென்று தனி டிரம், தனிச் சட்டி, தனித் தட்டு வாங்கினோம். தைப்பூசத்துக்குக் கோயில்களில் பஞ்சாமிர்தம் வைத்துக் கொடுக்கிற சின்னக் கிண்ணங்கள் அதில்தான் ஆகின்றன. காமாட்சி அக்காதான் அதற்கு மேற்பார்வை. தோலை முன், பின் என்று இரண்டு சாக்கில் பிரித்துக் கட்டி அனுப்புகிறார். இப்போது அவரிடம் யாரும் கேட்கவே தேவையில்லை. கேட்டால் கோபம் வரும்.

ஆனால் தாரணி கேட்டது இரண்டாவது பெயரைப் பற்றி. அதற்கு அன்றைய தினத்துக்குத் திரும்ப வேண்டும்.

காக் ரோஸ் தன் வேனில் எங்கள் பின்னாலேயே வந்தார். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும், கழுவித் தரையில் அடுக்கிய பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரஹிம் முழங்கால் வரை நனைந்து, தேய்க்கும் பிரஷோடு ஓரமாக நின்றார். மூன்றாவது டிரம் வைத்த இடத்திலேயே இருந்தது. சாமந்தி இதழும் இருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

காக் ரோஸ் இதழைப் பார்த்தார். தொடவில்லை. டிரம்மின் காதில் கட்டியிருந்த மஞ்சள் அட்டையைப் பிடித்துத் திருப்பிப் படித்தார். என்ன தோல், எங்கிருந்து, என்றைக்கு. கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

“வீராசாமி,” என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னை ‘அண்ணே’ என்றே கூப்பிட்டுப் பழகியவர், என் பெயர் அவருக்கு அதுவரை தெரியாது. “பொறுப்புன்னு இதுல ஒரு ஆள் பேர்தான் இருக்கு. இந்த வீராசாமிதான் இதைச் செஞ்சாரா?”

“நான்தான் காக்,” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் மேடம் முன்னால் வந்தார். காக் ரோஸின் கையிலிருந்து அட்டையை வாங்கினார். கோட்டுப் பையிலிருந்து அந்தக் கறுப்புப் பேனாவை எடுத்தார். என் பெயரை அடிக்கப்போகிறார், இன்றோடு நம் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் என் பெயரைத் தொடவில்லை. அதற்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில் எழுதத் தொடங்கினார். அட்டை ஈரமாக இருந்ததால் பேனா பிடிக்கவில்லை. அட்டையைத் தன் வெள்ளைக் கோட்டில் அழுத்தித் துடைத்து, டிரம்மின் மூடிமேல் வைத்து, தன் முழுப் பெயரையும் மறுபடி முதலிலிருந்து எழுதினார்.